நாள்பட்ட முழங்கால் வலி: மாத்திரைக்கும் மூட்டு மாற்றுக்கும் நடுவே உள்ள சிகிச்சைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதத்துக்கு மேலாக விடாத முழங்கால் வலி. மாத்திரை போட்டால் கொஞ்சம் தணிகிறது, விட்டால் திரும்ப வருகிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றால் பயம், அல்லது இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே உள்ளவை. பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன, ஏனென்றால் நடுவயதுக்கு மேல் நீடிக்கும் முழங்கால் வலிக்கு அதிகம் காரணமாவது அதுதான்.

கத்தி வைக்காமல் செய்யும் சிகிச்சை என்றால் எதெல்லாம் சேரும்?

மூட்டுக்குள் போடும் ஊசிகள் ஒரு வகை: ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிப்பது), ஜெல் (மூட்டுக்கு வழவழப்புத் தருவது), பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுப்பது), ஸ்டெம் செல். வலியைக் கடத்தும் நரம்பைச் சூடாக்கியோ உறையவைத்தோ செயலிழக்கச் செய்வது இரண்டாவது வகை. மூட்டைச் சுற்றிப் புதிதாக முளைத்த மெல்லிய ரத்தக் குழாய்களை அடைப்பது மூன்றாவது. சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோபியையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது அறுவை சிகிச்சைதான், துளை மட்டும் சிறியது.

துளை சிறியது என்பதால் முடிவையும் யோசிக்காமல் எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். "ஊசிதானே, போட்டுப் பார்ப்போம்" என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதைத்தான் இந்தத் துறையில் அதிகம் பார்க்க முடிகிறது. எந்த ஊசி எதைக் குறிவைக்கிறது, அது எத்தனை நாள் தாங்கும், அந்த நாட்களை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்ற மூன்றும் தெரிந்தால் முடிவு எடுப்பது சுலபம்.

ஜவ்வு தேய்ந்தால் ஏன் வலிக்கிறது?

தேய்வதாகச் சொல்லும் இந்த ஜவ்வு, எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புதான். அதில் நரம்பே கிடையாது. ரத்தக் குழாயும் கிடையாது. ஆகவே குருத்தெலும்பு தேய்வது தானாக வலிக்காது. வலி வருவது சுற்றியுள்ள மற்ற இடங்களிலிருந்து: குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு, மூட்டின் உள்ளுறை, மூட்டை மூடியிருக்கும் பை, தசைநார்கள், சுற்றியுள்ள தசைகள். உள்ளுறை அழற்சியடைந்தால் நீர் கோத்து முட்டி வீங்கும். எலும்பில் அழுத்தம் கூடினால் படி இறங்கும்போது குத்தும். தொடைத் தசை இளைத்துவிட்டால் மூட்டின் மேல் விழும் அதிர்ச்சியைத் தாங்க ஆள் இல்லாமல் போகும்.

வருஷக்கணக்கில் வலி தொடர்ந்தால் இன்னொன்றும் நடக்கிறது. வலிச் செய்தியைக் கையாளும் தண்டுவடமும் மூளையும் கூருணர்வு அடைந்துவிடுகின்றன. அப்புறம் லேசாகத் தொட்டாலே வலிக்கும், வலி தொடைக்கும் கணுக்காலுக்கும் பரவும், தூக்கம் கெடும். இப்படிப்பட்டவருக்கு மூட்டுக்குள் எதைச் செலுத்தினாலும் கிடைக்கும் பலன் குறைவாகவே இருக்கும்.

ஒரே எக்ஸ்ரே உள்ள இருவருக்கு ஒரே ஊசி வேறு வேறு பலன் தருவது இதனால்தான்.

எக்ஸ்ரேயில் "கிரேடு 4" என்று எழுதியிருக்கிறது. இனி ஊசியால் பயனில்லையா?

கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த அளவுகோல் இது. 0 முதல் 4 வரை. எலும்பு முள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, மூட்டு இடைவெளி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை வைத்து எண் போடுவார்கள். வலிக்கு அதில் இடமே இல்லை. கிரேடு 4 உள்ளவர் நன்றாக நடமாடுவதும், கிரேடு 2 உள்ளவர் படியேறத் தவிப்பதும் சாதாரணமாகக் காண்பது.

ஆனாலும் கிரேடு முழுக்கப் பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஜெல், பிஆர்பி போன்றவற்றுக்கு ஏதாவது பலன் இருந்தால் அது ஆரம்ப, நடுத்தரத் தேய்மானத்தில்தான் அதிகம். எலும்போடு எலும்பு உரசும் நிலையில் அவற்றுக்கு செலவழிப்பது வீண். நரம்பைச் சூடாக்கும் சிகிச்சை மட்டும் விதிவிலக்கு. அது மூட்டின் நிலையை மாற்ற முயல்வதில்லை, ஆகவே முற்றிய தேய்மானத்திலும் செய்யப்படுகிறது.

எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றபடி எடுத்தார்களா என்று பாருங்கள். படுத்துக்கொண்டு எடுத்த படத்தில் இடைவெளி உண்மையில் இருப்பதைவிட அகலமாகத் தெரியும்.

எம்ஆர்ஐ எடுத்தால் சரியாகத் தெரிந்துவிடுமா?

தேய்மானத்தை உறுதி செய்ய எம்ஆர்ஐ பொதுவாகத் தேவைப்படாது. அது காட்டும் அதிகப்படியான விவரங்களே சிலரைத் தவறான வழியில் இழுத்துவிடும். 2008இல் அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட பொதுமக்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூட்டின் உள்ளே இருக்கும் பிறைவடிவ ஜவ்வு (மெனிஸ்கஸ், மேலே சொன்ன ஜவ்வு வேறு) கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. அப்படி இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று அறிக்கையில் படித்ததும் அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி முழங்காலில் வந்து நிற்பதும் உண்டு. இடுப்பை அசைத்துப் பார்க்காமல் முழங்காலுக்கு ஊசி போட ஆரம்பிப்பது சரியான பரிசோதனை ஆகாது.

இந்தச் சிகிச்சைகளுக்குப் போகும் முன் எதையெல்லாம் முயன்றிருக்க வேண்டும்?

உடற்பயிற்சி. இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை, தெரியும். ஆனால் ஆதாரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு பிசியோதெரபி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பிசியோதெரபி எடுத்தவர்களுக்கே வலி குறைவு, நடமாட்டமும் மேல்.

தொடையின் முன்தசை, இடுப்பின் பக்கவாட்டுத் தசை ஆகிய இரண்டையும் வலுவாக்குவதுதான் மையம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, குறைந்தது 8 முதல் 12 வாரம். பயிற்சியின்போது லேசாக வலித்தால் மூட்டு கெடுகிறது என்று அர்த்தமில்லை. வலி பொறுக்கும் அளவில் இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் முட்டி வீங்கியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. "இரண்டு நாள் செய்தேன், வலித்தது, விட்டுவிட்டேன்" என்பதை முயன்று பார்த்ததாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்தது எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டினார்கள். ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள்.

மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்காலுக்கு நன்றாகவே வேலை செய்யும், மாத்திரையைவிட வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. வலி மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் விழுங்குபவர்கள் ரத்த அழுத்தம், சிறுநீரகம் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளுக்கோசமைன் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2006இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், அது மருந்தில்லா மாத்திரையைவிட மேலாக இல்லை.

ஸ்டீராய்டு ஊசி நல்லதா, கெட்டதா?

முட்டி வீங்கி, நீர் கோத்து, சூடாக இருக்கும் நாட்களில் இதைவிட வேகமாகத் தணிக்கும் ஊசி கிடையாது. சில நாட்களில் பலன் தெரியும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று மாதம். அவ்வளவுதான் அதன் ஆயுள். நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுத்துவிட்டு ஊசி போடுவார்கள், அந்த நீரை எடுப்பதே பாதி நிவாரணம் தரும்.

திரும்பத் திரும்பப் போடும்போதுதான் பிரச்சினை. 2017இல் வெளியான ஆய்வில் 140 பேருக்கு இரண்டு ஆண்டுகள், 12 வாரத்துக்கு ஒருமுறை ஊசி. பாதிப் பேருக்கு டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். முடிவில் ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு 0.21 மி.மீ. மெலிந்திருந்தது, மற்றவர்களுக்கு 0.10 மி.மீ. வலியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. நாட்காட்டியைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை என்பதற்கு இது போதும். கல்யாணமோ பயணமோ வருகிறது, முட்டி திடீரென்று வீங்கிவிட்டது, பயிற்சியைத் தொடங்கவே முடியாத அளவு வலி என்றால் ஓர் ஊசி நியாயமானது.

சர்க்கரை நோய் இருந்தால் ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

போடலாம், ஆனால் சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் அந்த வாரம் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டால் போதும். இன்சுலின் போடுபவர்கள் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை ஏற்கெனவே தறிகெட்டு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்வார்கள்.

ஜெல் ஊசி போட்டால் ஜவ்வு வளருமா?

வளராது. ஹயலுரானிக் அமிலம் என்பது மூட்டுநீரில் இயல்பாகவே இருக்கும் பொருள். அதுதான் அந்த நீருக்கு வழவழப்பைத் தருகிறது. தேய்மானத்தில் அது நீர்த்துப்போவதால் வெளியிலிருந்து செலுத்திப் பார்க்கிறார்கள். ஒரே ஊசியாகவும், வாரம் ஒன்றாக மூன்று அல்லது ஐந்து ஊசிகளாகவும் வருகிறது. சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கும் தயாரிப்புகள் உண்டு, பாக்டீரியா மூலம் தயாரிப்பவையும் உண்டு. கோழி, முட்டை ஒவ்வாமை இருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பலன் என்று பார்த்தால் ஏமாற்றம்தான். 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தில்லா ஊசியைவிட வலி கொஞ்சம் குறைவது உண்மை, ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல என்று தெரிந்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் இதை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு கொடுக்கவே வேண்டாம் என்கிறது. ஆனாலும் சிலர் "எனக்கு ஆறு மாதம் நன்றாக இருந்தது" என்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. உப்புநீர் ஊசி பற்றிய கேள்வியில் இதற்கான விளக்கம் வருகிறது.

பிஆர்பி? நம் ரத்தமே மருந்து என்கிறார்களே?

கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து முழங்காலில் செலுத்துவார்கள். தட்டணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் அழற்சியைத் தணிக்கும் என்பது எண்ணம்.

இதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஜெல் ஊசியைவிட பிஆர்பி மேல் என்று காட்டிய சிறு ஆய்வுகள் நிறைய. ஆனால் 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து, யாருக்கு எது போகிறது என்பது யாருக்கும் தெரியாதபடி கவனமாக நடத்திய ஆய்வில், ஓராண்டு கழித்து பிஆர்பிக்கும் உப்புநீருக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பின் கன அளவிலும் இல்லை. பிஆர்பி ஆதரவாளர்கள் "அந்த ஆய்வில் தட்டணுக்கள் போதிய அளவு இல்லை" என்கிறார்கள். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பிஆர்பி என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு செறிவில் கொடுக்கிறார்கள், வெள்ளணுக்கள் சேர்ந்தும் வரும், சேராமலும் வரும். அதே காரணத்தால், ஓர் இடத்தின் நல்ல முடிவைக் காட்டி இன்னோர் இடத்தில் அதே பலன் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது.

நம் ரத்தமே என்பதால் ஒவ்வாமை அபாயம் மிகக் குறைவு. ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் வலி கூடும். அந்தச் சமயத்தில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

ஸ்டெம் செல்?

தேய்மானத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்த ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என்று மூன்று மூலங்களிலிருந்து எடுத்த செல்களைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மூன்றில் ஒன்றும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. ஜவ்வு திரும்ப வளரும் என்று விளம்பரம் செய்து பெரிய தொகை கேட்பவர்களிடம், இது ஆய்வின் ஒரு பகுதியா, பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். முறையான ஆய்வு என்றால் பொதுவாக உங்களிடம் பெரிய தொகை கேட்க மாட்டார்கள்.

நரம்பைச் சுடுவது என்கிறார்களே, அது என்ன?

ரேடியோ அதிர்வெண் சிகிச்சை. முழங்காலைச் சுற்றி ஜெனிகுலர் நரம்புகள் என்று சில மெல்லிய கிளைகள் ஓடுகின்றன. மூட்டின் பையிலிருந்து வலிச் செய்தியை மேலே கொண்டுபோவது இவைதான். ஊசி போன்ற மின்முனையை எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி நரம்பின் அருகே கொண்டுபோய் நிறுத்தி, ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். அந்த இடத்தில் நரம்பு செயலிழந்துவிடும். தொடை எலும்பின் உட்பக்கம், வெளிப்பக்கம், கால் எலும்பின் உட்பக்கம் என்று பொதுவாக மூன்று இடங்கள். கால் எலும்பின் வெளிப்பக்கத்தை வழக்கமாக விட்டுவிடுவார்கள். பாதத்தை மேலே தூக்க உதவும் முக்கிய நரம்பு அங்கே பக்கத்திலேயே போகிறது, அதைத் தொட்டுவிடக் கூடாது.

இந்த முறையை முழங்காலுக்கு முறையாகச் சோதித்தது 2011இல் கொரியாவில் 38 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு. அதன்பிறகு, மின்முனைக்குள் தண்ணீர் ஓட்டிக் குளிர்வித்து, சூட்டைப் பெரிய வட்டத்துக்குப் பரப்பும் முறை வந்தது. 2017இல் எஃப்டிஏ அதை முழங்கால் தேய்மான வலிக்கு அனுமதித்தது. அந்தக் குளிர்விப்பு முறையை ஸ்டீராய்டோடு ஒப்பிட்டு 151 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து வலி பாதியாவது குறைந்தவர்கள் குளிர்விப்பு முறைப் பக்கம் 74 சதவீதம், ஸ்டீராய்டு பக்கம் 16 சதவீதம். எண்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் ஸ்டீராய்டின் பலன் மூன்று மாதத்திலேயே தீர்ந்துவிடும் என்பதை மேலே பார்த்தோம். ஆறாம் மாதத்தில் அதனோடு போட்டி வைத்தால் ஜெயிப்பது அவ்வளவு கடினமில்லை. யாருக்கு என்ன சிகிச்சை என்பது நோயாளிகளுக்குத் தெரிந்தும் இருந்தது. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மூட்டு மாற்று செய்ய முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கும், தள்ளிப்போட விரும்புபவர்களுக்கும் இந்தப் பட்டியலில் நான் முதலில் யோசிக்கச் சொல்வது இதைத்தான்.

நேரடியாகச் சுட்டுவிடக் கூடாது. முதலில் ஒத்திகை உண்டு. அதே நரம்புகளின் அருகே கொஞ்சம் மரப்பு மருந்து மட்டும் செலுத்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் வழக்கமாக வலிக்கும் வேலைகளை எல்லாம் செய்து பார்க்க வேண்டும்: படி இறங்குங்கள், தரையிலிருந்து எழுந்திருங்கள், நடங்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். ஊசி போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் படுத்திருந்துவிட்டு "வலி இல்லை" என்று சொல்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

நரம்பைச் சுட்டால் கால் மரத்துப் போகுமா? நடக்க முடியாமல் போய்விடுமா?

இவை உணர்வு நரம்புகள், தசையை இயக்குபவை அல்ல. சரியான இடத்தில் செய்தால் கால் பலம் குறையாது. முட்டியின் ஒரு பகுதித் தோல் கொஞ்ச நாள் மரத்திருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் சிகிச்சை செய்த இடம் கன்றியும் எரிச்சலாகவும் இருக்கும். ரத்தக் கட்டு, தோல் சுட்டுப் புண்ணாவது, அருகிலுள்ள தசைநார் சேதமாவது ஆகியவை பதிவாகியிருக்கின்றன, அரிது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நரம்பு, வெட்டிய முடி போலத் திரும்ப வளரும். ஆகவே பலன் ஆறு மாதம் முதல் ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல். பிறகு வலி திரும்பினால் மறுபடி செய்யலாம். தேய்மானம் அப்படியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

உறையவைக்கும் முறையும் இருக்கிறதா?

இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவால் ஊசி முனையைக் கடுங்குளிராக்கி, முட்டியின் முன்பக்கத் தோலுக்கு அடியில் ஓடும் நரம்புக் கிளையை உறையவைப்பார்கள். நரம்பின் உறை கெடாமல் இருப்பதால் சில மாதங்களில் அதே பாதையில் வளர்ந்துவிடும். முன்பக்க வலிக்குப் பொருத்தம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் செய்து, பின்னால் வரும் வலியைக் குறைக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

ரத்தக் குழாயை அடைப்பதால் மூட்டுக்கு ரத்தம் போகாமல் கெட்டுவிடாதா?

முழுக் குழாயையும் அடைப்பதில்லை. அழற்சியடைந்த உள்ளுறையில் இயல்புக்கு மாறாக மெல்லிய குழாய்கள் புதிதாக முளைக்கின்றன, அவற்றோடு சேர்ந்து வலி நரம்புகளும் வளர்கின்றன. தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, முழங்கால் வரை கொண்டுபோய், நுண்துகள்களைத் தூவி அந்தப் புதிய குழாய்களை மட்டும் அடைப்பார்கள். மரப்பு ஊசியில் செய்வது, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஜப்பானிய மருத்துவர் ஒகுனோவும் குழுவினரும் 2015இல் 14 நோயாளிகளிடம் கண்டதை வெளியிட்ட பிறகு உலகம் கவனிக்க ஆரம்பித்தது.

ஆரம்ப, நடுத்தரத் தேய்மானத்தில், அழற்சி அதிகம் உள்ளவர்களுக்குப் பலன் தெரிகிறது. பொய்ச் சிகிச்சையோடு (செய்வதுபோல் காட்டி உண்மையில் செய்யாமல் விடுவது) ஒப்பிட்ட ஆய்வுகள் சிறியவை, அவற்றின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறி சில வாரங்களில் மறைவது உண்டு. காலில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல. என்னைக் கேட்டால், நம்பிக்கை தரும் சிகிச்சை, இன்னும் நிரூபணம் போதாது.

கேமரா விட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்தால் வலி போகுமா?

தேய்மான வலிக்கு இதைச் செய்யாதீர்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2002இல் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கழுவிச் சுரண்டிவிட்டார்கள், ஒரு பிரிவுக்குக் கழுவ மட்டும் செய்தார்கள், மூன்றாவது பிரிவுக்குத் தோலைக் கீறித் தைத்து அனுப்பினார்கள், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் பார்த்தும் மூன்று பிரிவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. "ஜவ்வு கிழிசலை வெட்டினால் பயன் இருக்குமே" என்ற கேள்விக்கு 2013இல் பின்லாந்து பதில் சொன்னது. தேய்ந்து கிழிந்த ஜவ்வு உள்ள 146 பேரிடம் நடந்த ஆய்வு. அங்கேயும் பொய் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் அதே அளவு குணமானார்கள். 2017இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு, தேய்மான முழங்காலுக்கு ஆர்த்ராஸ்கோபி வேண்டாம் என்று வலுவாகப் பரிந்துரைத்தது.

முட்டி மடக்க நீட்ட முடியாமல் உண்மையிலேயே பூட்டிக்கொண்டால், அல்லது இளவயதில் விளையாட்டிலோ விபத்திலோ ஜவ்வு கிழிந்தால் கணக்கு வேறு.

உப்புநீர் ஊசிக்கே வலி குறைகிறது என்றால் எல்லாம் மனப்பிரமையா?

பிரமை என்ற சொல் பொருந்தாது, வலி உண்மையிலேயே குறைகிறது. தேய்மான வலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் டாக்டரிடம் போகிறார்கள். அதன்பிறகு எதைச் செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும்கூட, கொஞ்சம் இறங்கும். அதோடு ஊசி என்ற சடங்கு, கவனிப்பு, நம்பிக்கை எல்லாம் மூளை வலியைக் கையாளும் விதத்தை மாற்றுகின்றன. மாத்திரையைவிட ஊசிக்கு இந்த விளைவு அதிகம்.

ஆகவே "எனக்குக் குறைந்தது" என்ற ஒருவரின் அனுபவம் உண்மை, ஆனால் குறைத்தது அந்த மருந்துதானா என்பதை அது சொல்லாது. "எதனோடு ஒப்பிட்டு மேல்?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டால் பாதி விளம்பரங்கள் உதிர்ந்துவிடும்.

எடை குறைக்கும் ஊசிக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் உள்ள ஊசிகளில் மிகத் தெளிவான முடிவு தந்தது முழங்காலில் போடாத ஊசிதான் என்பது கொஞ்சம் வேடிக்கை. 2024இல் வெளியான ஆய்வில் உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்து உள்ளவர்களுக்கு 68 வாரம் செமாக்ளூடைடு என்ற எடை குறைக்கும் ஊசியைக் கொடுத்தார்கள். எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, மருந்தில்லா ஊசி பெற்றவர்களுக்கு 3.2 சதவீதம். 100 புள்ளி அளவுகோலில் வலி 41.7 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு 27.5. பருமன் உள்ளவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற தொந்தரவுகள் உண்டு. எடையோடு தசையும் கரையும் என்பதால் பயிற்சியைச் சேர்க்காமல் இதை மட்டும் எடுப்பது அரைகுறை வேலை.

இதெல்லாம் செய்து மூட்டு மாற்றை எத்தனை வருஷம் தள்ளிப்போடலாம்?

வருஷக் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. தூக்கம் கெடுகிறதா, வீட்டை விட்டு வெளியே போவது நின்றுவிட்டதா, கால் வளைந்துகொண்டே போகிறதா, முழுதாக நீட்ட முடியாமல் இறுகிவிட்டதா என்று பாருங்கள். இவை இருந்தால் தள்ளிப்போடுவது லாபமில்லை. மிகவும் இறுகி, தசை இளைத்த பிறகு அறுவை செய்தால் பலனும் குறையும். 2019இல் தொகுத்த கணக்கின்படி முழு மூட்டு மாற்றுகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. "பத்து வருஷம்தான் வரும்" என்பது பழைய கதை. அதே சமயம், செய்துகொண்டவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதும் உண்மை.

ஒரு முக்கியமான தகவல்: மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் இடையில் ஊசி வேண்டாம்.

எந்த அறிகுறி இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

காய்ச்சலோடு முட்டி சிவந்து, சூடாகி, தொடவே முடியாமல் வலித்தால் அது மூட்டுத் தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். ஊசி போட்ட சில நாட்களில் அப்படி வந்தால் இன்னும் அவசரம். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போவது, முட்டி பூட்டிக்கொள்வது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, காரணமின்றி எடை குறைவதோடு இரவில் ஓயாத வலி ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகியிருந்து, கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை வாதம். அதற்கு மருந்தே வேறு.

ஊசிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

என் வலி எந்த இடத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? இந்தச் சிகிச்சை அந்த இடத்தைத்தான் குறிவைக்கிறதா? என்னைப் போன்ற கிரேடு, வயது, எடை உள்ளவர்களுக்கு எத்தனை மாதம் தாங்குகிறது? பலன் இல்லையென்றால் அடுத்தது என்ன? அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவீர்களா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் பருமனான முழங்காலில் பார்க்காமல் குத்தினால் ஊசி மூட்டுக்குள் போகாமல் கொழுப்பில் தங்கிவிடுவதும் உண்டு.

இரண்டு முழங்காலிலும் வலி. ஒரே நாளில் இரண்டுக்கும் செய்துகொள்ளலாமா?

ஜெல், பிஆர்பி என்றால் செய்வார்கள். ஸ்டீராய்டை இரண்டிலும் போட்டால் உடலுக்குள் போகும் மொத்த அளவு இரட்டிப்பாகும், சர்க்கரை உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். நரம்புச் சிகிச்சையைப் பொறுத்தவரை, அதிகம் வலிக்கும் காலை முதலில் செய்துவிட்டுச் சில வாரம் பொறுப்பது நல்லது. ஒரு கால் நன்றானதும் நடை மாறி மற்ற காலின் வலியும் தணிந்துவிடுவது சிலருக்கு நடக்கிறது.

ஊசி போட்ட மறுநாள் என்ன செய்யலாம்?

முதல் ஒன்றிரண்டு நாள் கனமான வேலை வேண்டாம், வீட்டுக்குள் நடக்கலாம். குத்திய இடம் வீங்கினால் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். வலி குறைந்த சந்தோஷத்தில் முதல் வாரமே மலையேறப் போகிறவர்கள் உண்டு, தசை இன்னும் பழைய தசைதான். மூன்றாம் நான்காம் நாளில் தொடைப் பயிற்சியைத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மருந்தின் பலன் தீரும் தேதியை மனதில் வைத்து, அதற்கு முன்பே நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரும் அளவுக்கு வந்துவிடப் பாருங்கள்.